எத்தனை நாள் கூலி?

மேட்டூரில் திறக்கப்பட்ட காவிரி நீர், கல்லணையில் பங்கிடப்பட்டு, வெண்ணாறாகிப் பின் அதன் கிளைகளாகி, வழியிலுள்ள ஊர்களெல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டபின் எஞ்சியதாய் முள்ளியாற்றின் வழியே வந்து சேர்கிற கடைமடையில் இருக்கிறது திருத்துறைப்பூண்டி. தண்ணீர் இங்கே எல்லோருக்கும் பின்னால் வருகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் மேல்மடை வெள்ளமும் இவ்வழியாகவே கடலுக்குப் போயாக வேண்டுமாதலால், எல்லோருக்கும் பின்னால்தான் வடியவும் செய்கிறது. வரத்திலும் வடிகாலிலும் கடைசியில் நிற்கப் பழகிப்போன இந்த ஊரில் இருந்துகொண்டு, ஜீவனோபாயத்தின் வரிசையில் கடைசியாக நிற்பவளைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமற்றதாகாது. கணவனை இழந்தோ, கணவனால் கைவிடப்பட்டோ, பெற்ற பிள்ளைகளைத் தனியொருத்தியாக நின்று வளர்க்கும் விவசாயக் கூலிப் பெண்ணைத்தான் சொல்கிறேன்.

அவளைக் குறித்து நம் டீக்கடைகளிலும் மிராசுதார் வீட்டுத் திண்ணைகளிலும் நெடுங்காலமாக ஒரு சித்தாந்தம் வழங்கி வருகிறது. “ரேஷன்ல அரிசி சும்மா, பஸ்ஸு சும்மா, மாசம் பொறந்தா ஓ.ஏ.பி. உதவிப் பணம், போதாக்குறைக்கு நூறுநாள் வேல. அப்புறம் எவ வந்து வயல்ல எறங்குவா?” என்பது அதன் சூத்திரம். சொல்பவர்கள் எல்லோரும் ஏழையின் வாயில் மண்ணைப் போட நினைப்பவர்கள் அல்லர். நடவுக்கு ஆள் கிடைக்காமல் நாற்றங்காலில் நாற்று முற்றிப்போவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நிற்கும் பத்து மா சாகுபடிக்காரரின் வயிற்றெரிச்சலும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் இந்தச் சித்தாந்தத்தின் அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒரு தட்டில் அரசாங்க உதவியும் மறு தட்டில் கூலியுமாக ஒரு தராசு அவள் கையில் இருப்பதாகவும், எந்தத் தட்டு தாழ்கிறதோ அந்தப் பக்கம் அவள் சாய்ந்துவிடுவதாகவும் இவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியொரு தராசு அவளிடம் உண்டா என்று பார்ப்பதற்கு முன், தட்டில் வைக்கப்படும் படிக்கல்லின் எடை என்ன என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஆதரவற்ற விதவைகளுக்கு மாதாந்தர உதவித்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 1975 ஜூன் மாதத்தில் தொடங்கியது. கணவனால் கைவிடப்பட்டவளுக்கு அந்தக் கருணை எட்ட மேலும் பதினோராண்டு பிடித்தது. அவளுக்கான திட்டம் 1986-இல் வந்தது. இத்தொகைகள் காலந்தோறும் சிறிது சிறிதாக ஏறி, 2011 மே மாதம் ஆட்சி மாறிய கையோடு 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டன. அந்த ஆயிரம் பன்னிரண்டு ஆண்டுக்காலம் ஆயிரமாகவே இருந்து, 2023 ஆகஸ்டில் 1200 ஆயிற்று. ரூபாயில் பார்த்தால் இது ஏற்றம். ஆகவே அரசாங்கத்தின் விளம்பரமும் ரூபாயிலேயே பேசும், திண்ணைக்காரரின் புகாரும் ரூபாயிலேயே பேசும். கூலிக்காரி ரூபாயில் நினைப்பதில்லை, நாளில் நினைக்கிறாள். இத்தனை நாள் இறங்கினால் இன்ன கடன் அடையும், இத்தனை நாள் படுத்துவிட்டால் இன்ன பாத்திரம் அடகுக்குப் போகும் என்பதே அவளுடைய கணிதம். நாமும் அவளுடைய கணிதத்திலேயே ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.

வயல் கூலி ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை மாறும். நடவை மாவுக்கு இவ்வளவு என்று கொத்தாகப் பேசிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆதலால் எல்லோர்க்கும் தெரிய ஆண்டுதோறும் அறிவிக்கப்படும், அரசின் ஊரகவேலைத் திட்டமான நூறுநாள் வேலையின் கூலி விகிதத்தை அளவுகோலாகக் கொள்கிறேன். தமிழ்நாட்டில் அது 2006-இல் 80 ரூபாய், 2011-இல் 119, 2022-இல் 281, 2023-இல் 294, 2025-இல் 336. இவை உச்ச விகிதங்கள். வெட்டிய மண்ணை அளந்து கணக்குப் பார்த்த பிறகு கைக்கு வருவது பல நேரங்களில் இதற்குக் கீழேதான். இருக்கட்டும். 2011-இல் விதவையின் ஆயிரம் ரூபாய் எட்டு நாளுக்கு மேற்பட்ட கூலிக்குச் சமமாக இருந்தது. 2022-இல் அதே ஆயிரம் மூன்றரை நாளாகச் சுருங்கிவிட்டது. 2023-இல் 1200 ஆக்கியபோது நான்கு நாளாயிற்று. இரண்டே ஆண்டில், 2025-இல், மறுபடியும் மூன்றரை நாளுக்கு வந்து நின்றது. ஆக, திண்ணையில் அமர்ந்து நாம் அஞ்சுகிற அந்தப் பெருந்தொகை, மாதத்தில் மூன்றரை நாள் கூலி. முப்பது நாள் ஜீவனத்தை மூன்றரை நாள் கூலியை நம்பி ஒருத்தி விட்டுவிடுவாள் என்று நம்புவதற்கு, அவளுடைய புத்தியைப் பற்றி மிகவும் தாழ்ந்த அபிப்பிராயம் நமக்கு இருக்க வேண்டும்.

ஒன்றிய அரசின் பங்கு இதைவிட விசித்திரமானது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள விதவைகளுக்காக 2009-இல் இந்திரா காந்தியின் பெயரால் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தில், தில்லி கொடுப்பது 2012-இல் 300 ரூபாயாக உயர்ந்தது. அன்றைய கூலியில் அது இரண்டேகால் நாள். 2025-லும் அது 300 ரூபாய்தான். அதாவது, ஒரே அரசாங்கம் ஒரு கையால் ஒரு நாள் கூலி 336 என்று அறிவித்து, மறு கையால் ஒரு விதவையின் ஒரு மாதத்துக்கு அந்த ஒரு நாளையும் முழுதாகக் கொடுக்காமல் இருந்தது.

உதவி என்பது மிகக் குறைந்த கூலியைவிடவும் குறைவாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உழைக்க ஆளிராது என்னும் கொள்கை நம் மண்ணில் முளைத்ததன்று. இங்கிலாந்தில் 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்துக்கு அடிப்படையான அறிக்கை அதை வெளிப்படையாகவே வகுத்தது: உதவி பெறுபவனின் நிலை, சுதந்திரமாக உழைக்கும் கடைசித் தொழிலாளியின் நிலையைக் காட்டிலும் விரும்பத்தகாததாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஏழைவிடுதிகளில் கணவனையும் மனைவியையும் குழந்தைகளையும் தனித்தனியே பிரித்து வைத்தார்கள். நம்முடைய சட்டங்களில் அப்படி எந்த வாசகமும் இல்லை. எழுதாமலே அதை அனுசரித்து வருகிறோம்.

இந்தத் தராசு விவகாரத்தை நேரே சென்று விசாரித்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். காத்ரின் எடின், லாரா லைன் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் சிகாகோ, பாஸ்டன், சார்ல்ஸ்டன், சான் அண்டோனியோ ஆகிய நான்கு நகரங்களில் 379 ஏழைத் தனித்தாய்மாரிடம் அவர்களுடைய வரவு செலவை விடாமல் கேட்டறிந்து 1997-இல் ஒரு நூலாக வெளியிட்டனர். சிலர் அரசாங்க உதவியில் இருந்தவர்கள், சிலர் குறைந்த கூலி வேலையில் இருந்தவர்கள். இரண்டில் எதுவும் மாதச் செலவைத் தாங்கவில்லை என்பதே அவர்கள் கண்ட பிரத்தியட்ச உண்மை. வேலைக்குப் போனவளுக்கு வரவு சற்றுக் கூடியது. ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, பிரயாணத்துக்கு, மருத்துவத்துக்கு, உடுப்புக்கு என்று செலவு அந்தக் கூடுதலை விழுங்கி மேலும் கேட்டது. இரு சாராரும் தாயிடமும் தங்கையிடமும் பழைய துணைவனிடமும் சர்ச்சுகளிடமும் கையேந்தியும், அதிகாரிக்குத் தெரியாமல் சில்லறை வேலை செய்தும்தான் ஈடுகட்டினார்கள். அந்த நூல் வருவதற்கு முந்திய ஆண்டில், 1996-இல், வேலைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் நம்பிக்கையில் உதவிக்கு ஆயுளில் ஐந்தாண்டு என்று வரம்பு கட்டிச் சட்டம் இயற்றியிருந்தது அந்நாடு.

நமது தேசத்தில் விஷயம் வேறு. இங்கே உதவியா வேலையா என்கிற கேள்வியே எழுவதில்லை. இரண்டும் சேர்ந்தும் போதாத இடத்தில் எதை எதோடு ஒப்பிடுவது? 2025-ஆம் ஆண்டின் கணக்கில் உதவித்தொகை ஆண்டுக்கு 14,400 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, நூறு நாளும் முழு விகிதம் விழுந்தால் 33,600 ரூபாய். கூட்டினால் 48,000; மாதத்துக்கு 4000. நூறு நாளும் கிடைக்கிற அதிர்ஷ்டசாலியை நான் அதிகம் கண்டதில்லை. மீதியை வயல் தரவேண்டும். வயல் இப்போது எதைத் தருகிறது?

இவ்விடத்தில் கூலியின் பூர்வோத்தரத்தைச் சற்று நினைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் கீழத்தஞ்சையில் கூலி என்பது சந்தை தானாகக் கொடுத்த விலையன்று. 1940-களில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாச ராவ் இப்பகுதிக்கு வந்து பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டி, சாணிப்பாலும் சவுக்கடியுமான தண்டனைகளுக்கு முடிவு கட்டப் போராடினார். அவர் 1961-இல் மறைந்தார். அவருடைய நினைவிடம் இவ்வூரில் இருக்கிறது. 1952-இல் தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவில், கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்ட தகராறின் முடிவில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கணபதியா பிள்ளை கமிஷன் விசாரித்த பின், 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. இத்தனை விலை கொடுத்து நிர்ணயமான கூலிக்குச் சங்கம் உண்டு, கொடி உண்டு, நினைவு நாள் உண்டு. விதவையின் உதவித்தொகைக்கோ அப்படி எதுவும் இல்லை. கூலியைக் கேட்டு வாங்கினார்கள். உதவித்தொகை மனமிரங்கிக் கொடுக்கப்பட்டது. மனமிரங்கிக் கொடுத்ததைப் பன்னிரண்டு ஆண்டுகள் உயர்த்தாமல் வைத்திருந்தாலும் யாரும் மறியலுக்கு உட்காருவதில்லை.

போராடிப் பெற்ற அந்தக் கூலி இன்றைக்கும் இருக்கிறது. கூலி பெறுவதற்கான நாட்கள்தாம் குறைந்துவிட்டன. பெண்ணுக்கென்று வயலில் இருந்த வேலைகள் நடவு, களை, அறுப்பு ஆகிய மூன்றே. அறுப்பை இயந்திரம் எடுத்துக்கொண்டு வருஷக்கணக்காகிறது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடையில் நாற்றுவிட்டு நடுவது துணிச்சலான காரியமாகிவிட்டதால், சம்பாவுக்கு நேரடி விதைப்பே வழக்கமாகிக்கொண்டு வருகிறது. விதைத்த வயலுக்கு நடவு ஆள் தேவையில்லை. நடுகிற வயல்களுக்கும் இப்போது சில இடங்களில் மேற்கு வங்கத்திலிருந்து ஆடவர் குழுக்கள் வந்து, மாவுக்கு இவ்வளவு என்று பேசி, இருட்டுவதற்குள் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகின்றன. களைக்குக் களைக்கொல்லி வந்துவிட்டது. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை; சாகுபடிக்காரருக்கு வேறு மார்க்கமில்லை. ஆனால் ஆள் வரவில்லை என்ற புகாரும், ஆளே வேண்டாத சாகுபடியும் ஒரே வாயில், ஒரே திண்ணையில் எப்படி ஒருங்கே குடியிருக்கின்றன என்பதுதான் எனக்கு விளங்காத மர்மம்.

அந்தப் புகார் பாராளுமன்றம்வரை போய்விட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். 2006 பிப்ரவரியில் நாகப்பட்டினம் முதலிய மாவட்டங்களில் தொடங்கி, 2007-இல் திருவாரூர் மாவட்டத்துக்கும் வந்த நூறுநாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக, 2025 டிசம்பரில் ஒரு புதிய சட்டம் நிறைவேறியது. நாட்களை அது 125 ஆக்கியது. கூடவே, விதைப்பு அறுவடைப் பருவங்களில் 60 நாள்வரை பணிகளை நிறுத்திவைக்கவும் வழி செய்தது. பருவத்தில் வயலில் வேலை இருக்குமே, அங்கே போகட்டும் என்பது அதன் உட்கருத்து. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் பத்துக்கு எட்டுப்பேருக்கு மேல் பெண்கள். கடைமடையில் பருவம் என்பது இயந்திரத்துக்கும் விதைப்புக்கும் பருவமாக இருக்கிறதேயன்றி அவளுக்கு இல்லை என்னும் சிறு விவரத்தைச் சட்டம் எழுதியவர்களுக்கு யார் சொல்வது?

உதவித்தொகையின் பெருமை அதன் அளவில் இல்லை, அதன் நாளில் இருக்கிறது. கூலி பருவத்தைப் பார்த்து வரும்; உதவித்தொகை மாதத்தைப் பார்த்து வரும். சித்திரை வைகாசியில் வயல் வெடித்துக் கிடக்கும்போதும் வரும், கார்த்திகையில் வயல் ஏரியாய்க் கிடக்கும்போதும் வரும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துக் கூரைகளைப் பிய்த்தெறிந்த பின், இந்தப் பக்கத்தில் கூலி என்ற சொல்லே வெகுநாள் வழக்கொழிந்து போயிற்று. அப்படிப்பட்ட மாதங்களில் ஆயிரம் ரூபாய் என்பது மளிகைக் கடைக்காரரிடம் ஒரு நம்பிக்கைப் பத்திரம். “பணம் வந்ததும் தர்றேன்” என்று சொல்வதற்கு ஒரு தேதி. நூறுநாள் கூலிக்கு அந்தக் குணம்கூட இல்லை. பதினைந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியும், 2025 ஜனவரியில் தமிழகத்துக்கு வரவேண்டிய கூலி நிலுவை 1056 கோடி ரூபாயை விடுவிக்கும்படி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதவேண்டியிருந்தது.

இனி, அந்த மூன்றரை நாள் கூலியைப் பெறுவதற்கு அவள் கொடுக்கவேண்டிய விலையைப் பார்க்கலாம். கூலிக்கு உடம்பைக் கொடுத்தால் போதும். உதவித்தொகைக்கோ, தனக்கு யாருமில்லை என்பதை ருசுப்படுத்த வேண்டும். விதவைக்கு இறப்புச் சான்றாவது உண்டு. ஓடிப்போனவன் எந்தச் சான்றும் வைத்துவிட்டுப் போவதில்லை. கைவிடப்பட்டவள் திட்டத்தில் பெண்ணுக்கு முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் விவாகரத்தோ பிரிவினையோ பெற்றிருக்க வேண்டும், இல்லையேல் கணவன் கைவிட்டு ஐந்தாண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். ஓர் அலுவலகத் தாழ்வாரத்தில் ஒருநாள் வேறு காரியமாகக் காத்திருந்தபோது இந்த விதி பேச்சுவழக்கில் எப்படி ஒலிக்கிறது என்பதைக் கேட்டேன். மேஜைக்கு இப்பால் ஒரு பெண். இடுப்பில் உறங்கும் ஒரு பையன். கையில் பாலிதீன் பையில் சுருட்டிய அட்டைகள்.

“ஏம்மா, தாலி கழுத்துலதான இருக்கு?”

“இருக்கு சார். ஆளு இல்ல.”

“போயி எத்தன வருஷம் ஆவுது?”

“இவன் வயித்துல அஞ்சு மாசம் சார் அப்போ. இப்ப பால்வாடிக்குப் போறான்.”

“போன் கீன் பண்றாரா?”

“தீவாளிக்கு ஒரு தடவ பண்ணிச்சு. புள்ளைங்கள கேட்டுச்சு. அப்புறம் அந்த நம்பரு போவல.”

“உனக்கு வயசு?”

“இருவத்தெட்டு.”

அந்த எழுத்தர் கொடியவர் அல்லர். குழந்தையின் தலை மேஜை விளிம்பில் இடிக்காமல் ஒரு ஃபைலை நகர்த்தி வைத்தார். “இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வாம்மா, வயசும் சரியாயிடும், வருஷமும் சரியாயிடும்” என்று விதியை மட்டும் சொன்னார். அவள் அழவுமில்லை, வாதிக்கவுமில்லை. “அதுவரைக்கும் நூறுநாள் அட்டையாவது எம்பேருல தனியாப் போட்டுத் தருவீங்களா சார்? மாமியார் அட்டையில எம்பேரு இருக்கு. நாள அவங்களே போய் முடிச்சிடறாங்க” என்று கேட்டாள். “அது இங்க இல்லம்மா, ஊராட்சி ஆபீஸுல கேக்கணும்.”

அவள் கேட்டது சாமானிய விஷயமன்று. நூறு நாள் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு என்றே நூறுநாள் வேலைச் சட்டம் வைத்திருந்தது. கணவன் போன பின்னும் மாமியார் வீட்டில் ஒண்டியிருப்பவள், அல்லது பிறந்தகத்தில் அண்ணன் நிழலில் வந்து ஒதுங்கியவள், அந்த வீட்டு அட்டையில் ஒரு பெயர் மட்டுமே. உதவியின் கண்ணுக்கு அவள் ஆதரவுள்ளவள், வேலையின் கண்ணுக்கு அவள் பங்குக்காரி. தனித்த பெண்ணுக்குத் தனி அட்டை கொடுக்கலாம் என்பது விதிமுறைகளில் உண்டு. அதைக் கேட்டு வாங்குவதற்குள் அவள் இழக்கும் கூலி நாட்களை எந்த விதிமுறையும் திருப்பித் தருவதில்லை. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததாகத் திருவாரூருக்கு ஒரு கதை இருக்கிறது. அந்தக் கன்று தன்னுடையதுதானா என்பதற்கு அந்தப் பசுவிடம் மனுநீதிச் சோழன் சான்றிதழ் எதுவும் கேட்டதாகப் பெரியபுராணம் படித்தவர் எவரும் சொல்லவில்லை.

நிற்க. தாய் ஒருத்தி கூலிக்குப் போகும் நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும் என்ற கேள்வியை வயல் கூலிக்கான சட்டம் எதுவும் கேட்டுப் பார்த்ததில்லை. நூறுநாள் வேலைச் சட்டம் மட்டும் கேட்டது. வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்றது. வாய்க்கால் கரையில் புளியமரத்துக் கிளையில் தூளி ஆடுவதைக் கண்டிருக்கிறேன். அதை ஆட்டுவதற்கென்று கூலி பெற்றவளைக் காண்பது அரிது. நடவு ஆட்களோ அங்கன்வாடி திறப்பதற்கு முன்பே வரப்பேறியிருப்பார்கள். விடியலில் அடுப்பை மூட்டிச் சோறாக்கிப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் போகவேண்டியவளுக்கு, கணவனும் மாமியாரும் உள்ள வீட்டுப்பெண் போகிற நேரத்துக்குப் போக முடியாது. கொத்து வேலையில் ஒருத்தி தாமதித்தால் மற்றவர்கள் அடுத்த நாள் அவளைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள். கூலிக்கும் அவளுக்கும் இடையே நிற்பது சோம்பலன்று; காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையிலுள்ள அந்த மூன்று மணி நேரம்.

அந்த மூன்று மணி நேரத்தின் ஒரு பகுதியைத் தமிழகம் வேறொரு காரணத்துக்காக, அவளை நினைத்தோ நினையாமலோ, தீர்த்து வைத்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-ஆம் நாள் மாநிலம் முழுவதுமுள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அந்தத் தொடக்க விழா நடந்தது பக்கத்திலுள்ள திருக்குவளையில், கருணாநிதி படித்த பள்ளியில். உப்புமாவும் கிச்சடியும் பொங்கலுமாக அது கொடுக்கிற சாப்பாட்டின் ஊட்டத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அடுப்பை மூட்டாமலே ஒருத்தி நடவுக் கூட்டத்தோடு புறப்பட முடிந்ததைப் பற்றி நான் எங்கும் வாசிக்கவில்லை. ரேஷன் அரிசியும் அப்படித்தான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணமும் அப்படித்தான். இவற்றைப் பெற அவள் தன்னை ஆதரவற்றவள் என்று யார் முன்னும் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போனதற்காக இவை நிறுத்தப்படுவதுமில்லை. எல்லோருக்கும் கொடுப்பதால் ஏழைக்குக் குறைகிறது என்று வாதிக்கும் பொருளாதாரப் பண்டிதர்கள், எல்லோருக்கும் கொடுப்பதுதான் கடைசியில் நிற்பவளுக்கும் தவறாமல் போய்ச் சேருகிறது என்பதைக் கடைமடைக்கு வந்து பார்க்கலாம்.

சத்துணவைச் சொன்னதும் அதன் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அங்கேதான் உதவியும் கூலியும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. சத்துணவுக் கூடப் பணிகளில் விதவைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை தருவது தொடக்கம் முதலே உள்ள வழக்கம். அது நல்ல எண்ணம்தான். 2024 டிசம்பரில் எட்டாயிரத்துச் சொச்சம் சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப அரசு ஆணையிட்டபோது நிர்ணயித்த தொகுப்பூதியம் மாதம் 3000 ரூபாய். அரசிடம் மாத ஊதியம் வாங்குபவளை ஆதரவற்றவள் என்று யாரும் எழுதமாட்டார்களாதலால், அவள் 1200 ரூபாய் உதவித்தொகையை விட்டுவிட்டே அந்த வேலைக்குப் போகிறாள் என்று கொள்வோம். ஒரு மாதம் முழுதும் அரிசி களைந்து, முட்டை உரித்து, அண்டா கழுவியதற்கு அவளுக்கு மிகுவது 1800 ரூபாய். மாதத்தில் இருபத்திரண்டு பள்ளி நாள் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 82 ரூபாய். 2006-ஆம் ஆண்டின் நூறுநாள் கூலி. இந்த இடத்தில்தான் திண்ணைச் சித்தாந்தத்துக்கு ஒரு துளி நியாயம் உண்டு: உதவி உண்மையாகவே வேலையோடு போட்டியிடுகிறது. ஆனால் அதற்குக் காரணம் உதவி மிகுந்திருப்பதன்று, ஊதியம் மெலிந்திருப்பது.

மற்றொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பர் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இல்லத்தில் பெண் செய்யும் உழைப்புக்கு இது அங்கீகாரம், பிச்சையன்று என்று அதன் தாத்பரியத்தை விளக்கினார்கள். அதை நான் மனமார ஏற்கிறேன். விதவை உதவித்தொகை பெறுபவளுக்கு அது கிடையாது என்பதும் அந்த விதிகளிலேயே இருந்தது. ஆகவே, ஒரே தெருவில், கணவன் சம்பாதித்துப் போடும் வீட்டுப் பெண்ணுக்கு 1000 ரூபாயும், கணவனில்லாதவளுக்கு 1200 ரூபாயும் வந்தன. இருவரும் வீட்டில் உழைப்பவர்களே. அப்படியானால் முன்னவளுக்கு உழைப்பின் அங்கீகாரமாகக் கிடைத்த ஆயிரத்தைப் பின்னவளின் தொகையிலிருந்து கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். கணவன் இல்லாமற் போனதற்காக, பிள்ளைகளைத் தனியே சுமப்பதற்காக, அரசு அவளுக்கு மாதந்தோறும் அதிகமாகக் கொடுத்தது 200 ரூபாய்.

கூலி, உதவி என்னும் இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்றையும் இந்த மாவட்டங்கள் கண்டிருக்கின்றன. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவருடைய கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி என்னும் உழுபவர் நில உரிமை இயக்கம், மிராசுதார்களோடு பேரம் பேசி நிலத்தை வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பங்கிட்டது. பட்டாவைப் பெண்ணின் பெயரில் எழுதியது. ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் அளவில்தான் கிடைத்தது. அந்த ஓர் ஏக்கர் யாரையும் செல்வந்தராக்கிவிடவில்லை. ஆனால் கணவன் ஓடிப்போனாலும் நிலம் ஓடிப்போகவில்லை. தாலி கழுத்தில் இருக்கிறதா என்று அந்தப் பட்டா கேட்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடவை நாளைக்குத் தள்ளிவைக்க அவளுக்கு அதிகாரம் இருந்தது. எல்லோருக்கும் ஏக்கர் கொடுக்க நிலத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், கேள்வி நியாயமானதே. நிலம் கொடுக்க முடியாத அரசு, நிலம் கொடுத்த அந்த மூன்று குணங்களையாவது பணத்தில் கொடுக்க முயலலாம்.

அதற்கு அரசாங்கத்திடமும், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் வைக்க என்னிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. தனித்து நின்று பிள்ளை வளர்ப்பவளின் உதவித்தொகையை ரூபாயில் எழுதுவதை விட்டுவிட்டு, அந்தந்த ஆண்டின் ஊரகவேலைக் கூலியில் பத்து நாள் என்று எழுதுங்கள். கூலி ஏறினால் அதுவும் தானே ஏறட்டும், தேர்தலுக்குக் காத்திருக்க வேண்டாம். முப்பது வயது, ஐந்தாண்டு என்னும் இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துவிட்டு, கணவன் உடனில்லை என்று ஊர் அறிந்தால் அதையே போதிய சான்றாகக் கொள்ளுங்கள். வேலைக்குப் போனாள் என்பதற்காகக் கடைசிப் பிள்ளை பள்ளிப்படிப்பை முடிக்கும் வரை அதை நிறுத்தாதீர்கள். 2025-ஆம் ஆண்டின் விகிதப்படி பத்து நாள் கூலி 3360 ரூபாய். சத்துணவுச் சமையல் உதவியாளரின் தொகுப்பூதியத்தைவிட அது 360 ரூபாய் அதிகம். அதைக் கண்டு யாரேனும் திடுக்கிட்டால், இரண்டில் எதை மாற்ற வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும்.